மீட்டர் செத்த ஊரில் ஆப்: சென்னை ஆட்டோ, கால் டாக்சி, ஓலா, ஊபர் - யாருக்கு யார் போட்டி?

#1 தாம்பரம்_பாசஞ்சர்

கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து எங்கள் பக்கம் இந்தப் பேச்சு ஓய்வதே இல்லை. ஊரிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்குகிறவர் இரண்டு பெட்டியோடு நிற்கிறார். வாசலில் நிற்கும் ஆட்டோ ஒரு தொகை கேட்கிறது. கையிலிருக்கும் போனில் மூன்று ஆப், மூன்று தொகை. எதையாவது தட்டினால், டிரைவர் போன் செய்து நான்காவதாக ஒரு தொகை சொல்கிறார். சில நேரம் ஆப்பில் வருவதே அந்த வாசலில் நிற்கும் ஆட்டோவாக இருக்கிறது!

"ஆப் வந்து ஆட்டோக்காரர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது" என்று ஒரு கட்சி. "ஆப் வந்ததால்தான் நாம் தப்பித்தோம்" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் சேரவில்லை. சென்னையில் ஆப் தன் திறமையால் மட்டும் ஜெயிக்கவில்லை. மீட்டர் செத்து அந்த இடம் காலியாகக் கிடந்தது, அதில் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

மறந்தவர்களுக்காக: 2013 ஆகஸ்ட் 25இல் அரசு கடைசியாக ஆட்டோ கட்டணத்தை மாற்றியது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. ஜி.பி.எஸ். பொருத்தி ரசீது அடிக்கும் டிஜிட்டல் மீட்டரை அரசே இலவசமாகத் தரும் என்றும் அறிவித்தார்கள். கொஞ்ச நாள் சோதனை கெடுபிடியாக இருந்தது, மீட்டரும் ஓடியது. "மீட்டருக்கு மேல் பத்து ரூபாய் போட்டுக் கொடுங்க சார்" என்ற அளவில் பேரம் சுருங்கியது. அப்புறம் சோதனை குறைந்தது, இலவச மீட்டர் வண்டிக்கு வந்து சேரவில்லை, கட்டணமும் அப்படியே நின்றுவிட்டது. இப்போது 2025 அக்டோபர். பெட்ரோல் நூறைத் தாண்டிய பிறகும் சட்டப்படி கிலோமீட்டருக்கு அதே 12 ரூபாய்தான்.

இங்கே வண்டி ஓட்டுகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள்.

#2 ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்

//மீட்டர் செத்து அந்த இடம் காலியாகக் கிடந்தது//

பாதிதான் சரி. மீட்டர் ஒழுங்காக ஓடியிருந்தாலும் நான் ஆப்பைத்தான் எடுத்திருப்பேன். சோழிங்கநல்லூரில் ராத்திரி ஒன்றரை மணிக்கு வேலை முடித்து வெளியே வருகிற பெண்ணுக்குக் கட்டணம் இரண்டாவது கவலை. வண்டி எண், டிரைவர் பெயர், போகிற வழி மூன்றும் வீட்டில் இருப்பவர் போனில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்டாண்டு ஆட்டோவில் அது கிடையாது.

ஆப் என்றாலே பாதுகாப்பு என்று சொல்ல வரவில்லை. 2014 டிசம்பரில் டெல்லியில் வண்டியில் ஏறிய பெண்ணை டிரைவரே பாலியல் வன்கொடுமை செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வண்டியும் ஆப்பில் புக் செய்ததுதான். அவசர பொத்தான், டிரைவரின் பின்னணி விசாரணை எல்லாம் அதற்குப் பிறகுதான் பெரிய பேச்சானது. ஆனாலும் ஏதாவது ஆனால் தேடுவதற்கு ஒரு பதிவாவது இருக்கிறது.

இன்னொன்று: பேரம். பத்து ரூபாய், இருபது ரூபாய் விஷயம் இல்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, நான்கு பேர் சேர்ந்து நின்று "அந்த ஏரியாவா? ரிட்டர்ன் கிடைக்காதும்மா" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அதிலிருந்து விடுதலை கொடுத்தது ஆப்தான்.

#3 பெரம்பூர்_ஆட்டோ

அக்கா சொல்றது நியாயம். ராத்திரியில் லேடீஸ் தனியாக ஏறினால் ஆப்பில் வருவதே நல்லது, எங்களுக்கும் வம்பில்லை.

ஆனால் அந்த "ரிட்டர்ன் கிடைக்காது" என்பது சும்மா சொல்வதில்லை. பெரம்பூரிலிருந்து மாதவரம் தாண்டி உள்ளே ஒரு நகருக்குப் போனால் திரும்பி வரும்போது காலி வண்டிதான். மீட்டர் கட்டணம் போகிற தூரத்துக்கு மட்டும். திரும்பி வருகிற கேஸ் செலவு யார் தலையில்?

ஆப்பில் என்ன நடக்கிறது என்றும் சொல்கிறேன். ரிங் அடிக்கும். 3 கிலோமீட்டர் சவாரி. எடுக்கப் போவதற்கே 2 கிலோமீட்டர். வியாசர்பாடி பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றால் யூ டர்ன் போட்டுச் சுற்றணும். போய் நின்றால் "கேன்சல்". கஸ்டமர் இன்னொரு ஆப்பிலும் போட்டிருப்பார், அந்த வண்டி முதலில் வந்திருக்கும், ஏறிப் போயிருப்பார். நாங்கள் கேன்சல் பண்ணினால் ரேட்டிங் அடிவாங்கும். அவர்கள் கேன்சல் பண்ணினால் எங்களுக்குச் சில நேரம் ஏதோ கொஞ்சம் வரும், பல நேரம் அதுவும் இல்லை.

அதனால்தான் போன் பண்ணி "எங்க சார் போகணும், கேஷா ஆன்லைனா" என்று கேட்கிறோம். கேட்டால் கோபப்படுகிறார்கள்.

ஸ்டாண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டாண்டில் நிற்க சங்கத்தில் சேரணும், வரிசைப்படிதான் சவாரி. கடைசியாக வந்தவன் முன்னாடி போய் எடுக்க முடியாது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு நான்கு பேர் சேர்ந்து மிரட்டுகிற மாதிரி தெரியும். உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆப்பில் வரிசை எதுவும் கிடையாது. பக்கத்தில் நிற்பவனுக்கு ஏன் போனது, எனக்கு ஏன் வரவில்லை என்று கேட்க ஆளே இல்லை.

#4 கணக்குப்பிள்ளை

10 கிலோமீட்டர் சவாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

2013 அரசுக் கட்டணம்: 25 + (8.2 × 12) = சுமார் 123 ரூபாய்.

இந்த ஆண்டு பிப்ரவரி 1 முதல் என்று சங்கங்கள் தாங்களாகவே அறிவித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, அப்புறம் 18. அப்படியானால் 50 + (8.2 × 18) = சுமார் 198 ரூபாய். இதை ஏற்க முடியாது, மீறி வசூலித்தால் நடவடிக்கை என்று அரசு சொன்னது. சொன்னதே தவிர, தன் பங்குக்குப் புதுக் கட்டணம் எதையும் அறிவிக்கவில்லை.

பெங்களூரு, இந்த ஆகஸ்ட் 1 முதல் அரசே நிர்ணயித்தது: முதல் 2 கிலோமீட்டருக்கு 36, அப்புறம் 18. அதாவது 180 ரூபாய்.

ஆக சென்னைச் சங்கங்கள் கேட்கிற கிலோமீட்டர் விலை பெங்களூரில் சட்டப்படியே இருக்கிறது. குறைந்தபட்சக் கட்டணத்தில்தான் வித்தியாசம். அநியாயம் அநியாயம் என்று கத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம். 2022இல் சென்னை உயர் நீதிமன்றமே எரிபொருள் விலைக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றச் சொன்னது. அதற்கு முன் 2007இல் நிர்ணயித்த 14 ரூபாய் குறைந்தபட்சக் கட்டணமும் ஆறு வருஷம் அசையாமல்தான் கிடந்தது. நமக்கு இது பழக்கம்.

இன்னொரு சிக்கலை யாரும் பேசுவதில்லை. கடந்த ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைப்படி, நெரிசல் நேரத்தில் ஆப் நிறுவனங்கள் அடிப்படைக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு வரை வாங்கலாம். 2020 விதியில் அது ஒன்றரை மடங்காக இருந்தது. கூட்டமில்லாத நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தில் பாதிக்குக் கீழே போகக் கூடாது. சரி, அடிப்படைக் கட்டணம் என்றால் எது? மாநில அரசு நிர்ணயிப்பது. சென்னை ஆட்டோவுக்கு அது 2013 கட்டணம். அதில் பாதி என்றால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் டிரைவர் செத்தார். எடுத்துக்கொள்ளாவிட்டால் உச்சவரம்பும் இல்லை, கீழ்வரம்பும் இல்லை.

#5 மஞ்சள்_போர்டு

எல்லோரும் ஆட்டோவையே பேசுகிறீர்கள். கார் ஓட்டுகிறவன் கதையையும் கேளுங்கள்.

நான் முதலில் கால் டாக்சி கம்பெனியில் இண்டிகா ஓட்டினேன். போன் அடித்து புக் செய்வார்கள், கன்ட்ரோல் ரூமிலிருந்து டிரிப் வரும், வண்டியில் மீட்டர் இருக்கும், பில் அதில் வரும். சென்னையில் ஏழைபாழைக்கு ஆட்டோ, பணக்காரருக்குச் சொந்தக் கார் என்று இருந்ததை மாற்றியது கால் டாக்சிதான். அதை இப்போது யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

ஆப் வந்த புதிதில் இன்சென்டிவ் மழை. இத்தனை டிரிப் முடித்தால் இவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை ஓட்டினால் இவ்வளவு. கஸ்டமர் கொடுப்பதைவிடக் கம்பெனி கொடுப்பது அதிகமாக இருந்த காலம் அது. அதை நம்பிப் பலர் வேலையை விட்டுவிட்டு லோனில் டிசையர், எட்டியோஸ் எடுத்தார்கள். என் மச்சான் ஊரில் நிலத்தை அடகு வைத்து எடுத்தார். அப்புறம் இன்சென்டிவ் படிப்படியாகக் கரைந்தது. 2017 தொடக்கத்தில் டெல்லியிலும் பெங்களூரிலும் டிரைவர்கள் வண்டியை நிறுத்திப் போராடினார்களே, அதெல்லாம் இதனால்தான். லோன் ட்யூ மட்டும் கரையவே இல்லை.

ஏ.சி. சண்டையும் இதிலிருந்து வருவதுதான். கஸ்டமர் ஏ.சி. போடு என்கிறார், நியாயம், ஏ.சி. கார் என்றுதான் புக் செய்கிறார். எனக்குக் கமிஷன் போக வருவதில் டீசல் எவ்வளவு, ட்யூ எவ்வளவு, எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பர்மிட் எவ்வளவு என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். கை தானாக ஏ.சி. நாப் பக்கம் போய்க் குறைக்கும்.

ஏர்போர்ட்டுக்கும் அப்படித்தான். 2022 டிசம்பரிலிருந்து ஆப் வண்டி ஏற்றுவதெல்லாம் அடுக்குமாடி பார்க்கிங்கில். பயணி பெட்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே வரணும், நாங்கள் உள்ளே வரிசையில் காத்திருக்கணும். ப்ரீபெய்ட் டாக்சிக்காரர் பயணி வெளியே வரும் வழியிலேயே இருக்கிறார். போட்டியில் எப்போதும் ஆப்தான் ஜெயிக்கிறது என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை மீனம்பாக்கம் போய்ப் பாருங்கள்.

#6 கோவை_குசும்பு

எங்க ஊர்ல இந்தச் சண்டை வேற மாதிரிங்க. வெளியூர் ஆப் எல்லாம் வந்து பார்த்துச்சு. ஆனா ரெட் டாக்ஸி மாதிரி உள்ளூர்க் கம்பெனிக இன்னும் தெம்பா நிக்குதுங்க. காரணம் சாதாரணம்தான்: போன் பண்ணி, காந்திபுரத்துல இருந்து சிங்காநல்லூர் போகணும்னு சொன்னா வண்டி வரும். அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் தெரியாது, ஆனா அந்த நம்பர் மனப்பாடம்.

சென்னைக்காரங்க ஒண்ணு கவனிக்கணும். ஆப்பா, டாக்சியாங்கிறது கம்பெனிக்காரங்க கேள்வி. வீட்ல இருக்கற பெரியவங்களுக்கு "கூப்பிட்டா வருமா"ங்கிறதுதான் கேள்வி.

#7 ராயல்_ரைடர்

எல்லாம் இவர்கள் தானே தேடிக்கொண்டது. முப்பது வருஷமாக ஊரையே ஏய்த்துப் பிழைத்தவர்கள் இன்று அழுதால் யார் பரிதாபப்படுவது? நான் பைக் டாக்சிதான். ஆட்டோ கேட்பதில் பாதிகூட வராது, டிராஃபிக்கில் புகுந்து போய்விடலாம். ஆட்டோ ஒழியட்டும்.

#8 பெரம்பூர்_ஆட்டோ

//முப்பது வருஷமாக ஊரையே ஏய்த்துப் பிழைத்தவர்கள்//

தம்பி, நான் ஓட்ட வந்து அத்தனை வருஷம் ஆகவில்லை. என் அப்பா காலத்துக் கணக்கை என்னிடம் தீர்க்கிறீர்கள்.

பைக் டாக்சிக்கு வருகிறேன். எனக்கு வாடகை வண்டிக்கான மஞ்சள் போர்டு, பர்மிட், வருஷா வருஷம் இன்சூரன்ஸ், எஃப்.சி. என்றால் வண்டிக்குப் பெயின்ட் அடித்து, சீட் மாற்றி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு நாள் பொழப்பு போகும். அந்த பைக் வெள்ளை போர்டு. சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த வண்டியில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுகிறார்கள். நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட் என்றால் பின்னால் உட்கார்ந்தவருக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று கம்பெனியிடம் கேட்டுப் பாருங்கள். இந்த மார்ச்சில் நாங்கள் வண்டியை நிறுத்தியது இதற்காகவும்தான். போட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு ஒரு சட்டம், அவருக்கு ஒரு சட்டம் என்பதுதான் எரிச்சல்.

அந்த பைக் ஓட்டுகிற பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. காலேஜ் முடித்துவிட்டு வேலை இல்லாமல் ஓட்டுகிறான். எங்கள் தெருவிலேயே இருக்கிறான்.

#9 மட்டுறுத்துனர்

"ஒழியட்டும்" வகைப் பேச்சு இங்கே வேண்டாம். அதையும் தாண்டிப் போன இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை தொடரட்டும்.

#10 தேக்கா_தம்பி

சிங்கப்பூரிலிருந்து. இங்கே டாக்சி என்றால் மீட்டர்தான், பேரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படி இருந்தும் ஆப் வந்து டாக்சியைப் புரட்டிப் போட்டது. 2014 வாக்கில் 28,000க்கு மேல் ஓடிய டாக்சி இப்போது ஏறக்குறைய பாதி. ஆகவே "மீட்டர் இருந்திருந்தால் ஆப் வந்திருக்காது" என்று முதல் பதிவை யாராவது புரிந்துகொண்டால், அது இங்கே பொருந்தாது.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்கு ஆசிய வியாபாரத்தைப் போட்டி ஆப்பான கிராபிடம் விற்றுவிட்டுப் போனது. போட்டியே போய்விட்டது. போட்டி ஆணையம் இரண்டு பேருக்கும் சேர்த்து 1 கோடியே 30 லட்சம் வெள்ளி அபராதம் போட்டது. அதற்குள் சலுகைக் கூப்பன்கள் எல்லாம் எங்கள் போனிலிருந்து காணாமல் போய்விட்டன. இந்த வருஷம் ஜனவரி 1 முதல் இங்கே ஆப் ஓட்டுநர்களுக்கென்று தனிச் சட்டம் வந்திருக்கிறது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு, மத்திய சேமநிதிக்கு நிறுவனத்தின் பங்கு எல்லாம் அதில் உண்டு. நம்ம ஊரில் 2023இல் கிக் தொழிலாளர் (ஆப் வழியே வேலை பார்ப்பவர்கள்) நல வாரியம் என்று ஒன்று அறிவித்தார்களே, அதில் இங்கே யாராவது பதிந்திருக்கிறீர்களா?

#11 மஞ்சள்_போர்டு

தேக்கா தம்பிக்கு: பதிய வேண்டும் என்று பேசிக்கொள்கிறோம். டியூட்டி முடிந்து எழுந்திருக்கவே மதியம் ஆகிவிடுகிறது.

#12 தாம்பரம்_பாசஞ்சர்

தேக்கா தம்பி சொன்னது முக்கியமான திருத்தம். மீட்டர் ஓடும் ஊரிலும் ஆப் வரும், வந்தது. ஆனால் அங்கே கிராப் கூடுதலாக வாங்கினால் "மீட்டர் டாக்சியில் இவ்வளவுதான்" என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொகை இருக்கிறது. நம்மிடம் அது இல்லை. மழை பெய்கிற சாயங்காலம் கிண்டியிலிருந்து வேளச்சேரிக்கு ஆப் காட்டுவது அதிகமா, நியாயமா? எதோடு வைத்துப் பார்ப்பது?

இப்போது இன்னொரு திருப்பம் நடக்கிறது, அதைத்தான் பேச நினைத்தேன். ஆட்டோவில் கமிஷனே போய்விட்டது. 2022 நவம்பரில் பெங்களூரில் நம்ம யாத்ரி என்ற ஆட்டோ ஆப் கமிஷன் இல்லாமல் வந்தது. டிரைவர் ஒரு நாளைக்கு 25 ரூபாய் கட்டினால் போதும், சவாரிக் காசு முழுக்க அவருக்கே. அப்புறம் ரேபிடோ, ஓலா எல்லாம் ஆட்டோவுக்கு அந்த வழிக்கே வந்தன. இந்த பிப்ரவரியில் ஊபரும் மாறியது. இப்போது அவர்கள் சொல்வது: நாங்கள் ஆளைக் காட்டுவோம், கட்டணத்தை நீங்களும் டிரைவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், காசையும் அவர் கையிலேயே கொடுங்கள்.

டிரைவருக்கு இது நல்லதுதான். ஆனால் பயணியின் பக்கம் என்ன ஆனது பாருங்கள். திரையில் தெரிவது வெறும் மதிப்பீடு. வண்டி வந்ததும் "முப்பது ரூபாய் சேர்த்துக் கொடுங்க". புகார் செய்தால் "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே". ஓஎம்ஆர் தோழி சொன்ன அந்த விடுதலை, அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. பத்து வருஷம் சுற்றிவிட்டு, பேரம் போனுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

போன மாதம் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயிலோடு நம்ம யாத்ரி ஆட்டோவையும் சேர்த்திருக்கிறார்கள். அரசே ஆட்டோவைத் தன் செயலியில் காட்டுகிறது. காட்டட்டும். கூடவே கட்டணத்தையும் அறிவித்தால் என்ன?

#13 ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்

//பேரம் போனுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது//

நூற்றுக்கு நூறு. இப்போதெல்லாம் புக் செய்யும்போதே "டிப்ஸ் சேர்க்கவா? 10, 20, 30" என்று கேட்கிறது. வண்டியே இன்னும் வரவில்லை, எதற்கு டிப்ஸ்? சேர்க்காவிட்டால் யாரும் எடுப்பதில்லை. இதற்குப் பெயர் டிப்ஸ் இல்லை, ஏலம்.

அரசே ஆப் நடத்தட்டும் என்று யாராவது வரும் முன் சொல்லிவிடுகிறேன். கேரளாவில் 2022 ஆகஸ்டில் கேரள சவாரி என்று அரசே ஆரம்பித்தது, சேவைக் கட்டணம் 8 சதவீதம்தான். நோக்கம் நல்லதுதான். ஆனாலும் நான் திருவனந்தபுரம் போனபோது அங்கிருக்கும் தோழிகள் புக் செய்தது தனியார் ஆப்பில்தான்.

#14 கணக்குப்பிள்ளை

வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரி 1 முதல் ஆப்பில் புக் செய்த ஆட்டோவுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. தெருவில் கை காட்டி ஏறினால் இல்லை. அதே ஆட்டோ, அதே டிரைவர், அதே தூரம். கமிஷனை விட்டு தினசரிச் சந்தா முறைக்கு ஆப்கள் மாறியதில் இந்த வரிக் கணக்குக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். "நாங்கள் சவாரி விற்கவில்லை, மென்பொருள் மட்டும் விற்கிறோம்" என்று சொல்ல வசதி.

பெரம்பூர் அண்ணனிடம் ஒரு நேரடிக் கேள்வி. அரசு நாளைக்கே 50, 18 என்று அறிவித்துவிட்டால் மீட்டர் போடுவீர்களா? 2013இலும் கட்டணம் ஏறியபோது எல்லோரும் சரி என்றுதான் சொன்னீர்கள்.

#15 பெரம்பூர்_ஆட்டோ

நியாயமான கேள்வி. 2013இல் போட்டோம். அப்புறம் வந்த வருஷங்களில் கேஸ் விலை ஏறியபோதும் கட்டணம் ஏறவில்லை. எப்போது எவ்வளவு ஏறும் என்று ஒரு வழி இருந்தால் மீட்டர் நிற்காது. எரிபொருள் ஏறினால் வருஷத்துக்கு ஒரு தடவை தானாகக் கட்டணமும் மாறட்டும், இறங்கினால் குறையட்டும். அதை எழுதி வைத்துவிட்டுச் சோதனைக்கு வாருங்கள், அபராதம் போடுங்கள், கட்டுகிறேன்.

மீட்டர் இப்போதும் வண்டியில்தான் இருக்கிறது. எஃப்.சி.க்குப் போகும்போது காட்டணும் இல்லையா. மற்ற நாளில் அதன் மேல் துண்டு போட்டிருப்பேன். புதுக் கட்டணம் வந்தால் மெக்கானிக்கிடம் கொடுத்துத் திருத்தி, தொழிலாளர் துறையில் சீல் வாங்கணும். செலவு எங்களுடையது. அதற்கும் தயார்.

#16 ஓஎம்ஆர்_நைட்ஷிப்ட்

போடுங்கள் அண்ணா, பகலில் நானே கை காட்டி ஏறுகிறேன். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் மீட்டர் ஓடினாலும் ஆப்பில்தான் புக் செய்வேன்.

#17 பெரம்பூர்_ஆட்டோ

தாராளமாகப் பண்ணுங்க அக்கா. ராத்திரி நானும் ஆப் ஆன் பண்ணித்தான் நிற்கிறேன். கட்டணம் சரியாக இருந்தால் போன் பண்ணி முப்பது ரூபாய் சேர்த்துக் கேட்க மாட்டேன். ஆனால் லொக்கேஷனை ஒழுங்காகப் போடுங்கள். கேட் நம்பர் 2 என்று போட்டுவிட்டு கேட் நம்பர் 5இல் நின்றால் அந்த ரோட்டில் யூ டர்ன் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.